கறி மாதிரி

தண்ணீரில் போட்டு அலசாதேம்மா, ஈரத்துணியால் துடைத்தால் போதும், இல்லையென்றால் அத்தனை தண்ணீரையும் குடித்துவிடும் என்று காய்கறிக் கடைக்காரர் சொன்னார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காளானை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், மனசு ஒப்பவே மாட்டேன் என்கிறது. கறி என்றால் மஞ்சள்பொடி போட்டு, சிவப்பு போய் வெள்ளைத் தண்ணீர் வருகிறவரைக்கும் அலசிப் பழகிய கை இது. இதை மட்டும் குழந்தை மூக்கைத் துடைக்கிற மாதிரித் துடைத்தால் போதும் என்றால் எப்படி. வெள்ளையாக, குளிர்ச்சியாக, உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கிறது. என் மகள் தன்ஷி பிறந்தபோது அவள் குதிகால் இப்படித்தான் இருந்தது, தொட்டால் அமுங்கும், விட்டால் எழும்பும். அந்தக் குதிகாலை அம்மா பார்த்தாள், அப்பாவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து. அப்பா பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் பார்க்க வருகிறார், செருப்பில்லாமல் தெருவெல்லாம் ஓடித் தோல் கெட்டியாகிப்போன குதிகாலை. வரட்டும், எந்தக் குதிகாலாக இருந்தால் என்ன. ஆனால் வந்தால் போதுமா. நேற்று அம்மா போனில் சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது. "இந்தா பாரு செல்வி, உங்கப்பா அங்கிட்டு லோடு இறக்கிட்டு, மத்தியானம் பேத்தியப் பாக்க வர்றாரு. பேத்தியப் பாக்கத்தான். உன் மாமியா வீட்டுக்கு விருந்தாட வரல. சோத்தப் போடுறேன், கொழம்ப ஊத்துறேன்னு ஆரம்பிக்காத. தண்ணி குடு, குடிச்சா குடிக்கட்டும்." ஒரு வாய் சாப்பிட்டால் என்னம்மா என்று கேட்டேன். "அவரு சொல்லு ஒனக்குத் தெரியாதாக்கும். அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னாரு, நனைக்க மாட்டாரு. வர்றதே பெருசுடி. அழுது கிழுது வச்சிராத." அழமாட்டேன் என்றேன், அதைச் சொல்லும்போதே அழுதேன். எங்கள் பக்கத்தில் பகை இருக்கிற வீட்டுக்குச் சாவுக்குப் போவார்கள், நோயாளியைப் பார்க்கப் போவார்கள், தின்பண்டம்கூட வாங்கிப் போவார்கள், ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பகை கிடையாது, யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, எச்சில் கையைக் கழுவும்போது எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். எனக்குப் பேச வராது. அப்பா முன்னால் நின்று நான் என்ன பேசி எதைப் புரியவைக்கப் போகிறேன். சோறுதான் போடத் தெரியும். அவர் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், நான் பேசவே வேண்டாம்.

கத்தியால் நறுக்கினேன், காசு காசாக விழுந்தது. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அப்பா இதைப் பார்த்தால் இது என்ன காய் என்று கேட்பார். கத்தியை வைத்துவிட்டு விரலால் பிய்த்தேன். பிய்த்தால் நார் தெரிகிறது, ஓரமெல்லாம் பிசிறாக, எலும்பில்லாத கறி மாதிரி. காம்பையும் எறியவில்லை, காம்புதான் கடிக்க நன்றாக இருக்கும். யாரை ஏமாற்றப் பார்க்கிறேன், ஏமாற்ற இல்லை, ஏமாற்றினது தெரிந்தால் அவர் ஏசுகிற ஏச்சே வேறு மாதிரி இருக்கும். அப்பாவுக்கு வீட்டில் கறி வைத்தால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. வருத்தமாக இருந்தாலும் கறி, சந்தோஷமாக இருந்தாலும் கறி. நெடுநாள் கழித்து வருகிற அப்பாவுக்கு மகள் சாம்பாரை ஊற்றினாள் என்றால் ஊரில் என்ன சொல்வார்கள். ஆனால் இந்த வீடு சைவம். முட்டைகூட வாசல்படி தாண்டாது. ஓட்டலுக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்துவிடுவோமே என்று இவர், என் வீட்டுக்காரர், நல்ல மனசோடுதான் சொன்னார். ஓட்டலில் தின்றால் அது ஓட்டல்காரன் வீட்டில் கை நனைத்ததாக ஆகும், நம் வீட்டில் நனைத்ததாக ஆகுமா என்று நான் சொல்லவில்லை, மனசுக்குள் நினைத்தேன், நினைத்தது அவருக்குக் கேட்கவில்லை. அப்புறம் காய்கறிக் கடையில் கண்ணாடித்தாள் மூடின டப்பாவில் இதைப் பார்த்தேன். இதையும் அத்தையிடம், இவர் அம்மாவிடம், கேட்க வேண்டும். இந்த வீட்டில் காளானும் கவுச்சியோடு சேர்த்தி என்று வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார்கள், அத்தையின் அம்மா வீட்டில் மழைக்கு முளைத்த காளானைத் தென்னை ஈர்க்குமாறால் தள்ளி விடுவார்களாம், கையால் தொடமாட்டார்களாம். நேற்றுச் சாயங்காலம் கேட்கலாமா வேண்டாமா என்று அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தேன். அத்தை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "என்னட்டி, பூனைக்குட்டி மாரி சுத்திச் சுத்தி வாரே? என்ன வேணும்?" என்றார்கள். "அத்தே... அப்பா வர்றாங்கள்ல... காளான்..." அதற்கு மேல் வரவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்தார்கள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. உலகம்மை என்று பெயர், முகத்தில் எதையும் படிக்க முடியாது, இவரே சொல்வார், எங்கம்மா மூஞ்சி பூட்டின பீரோ என்று. எழுந்துபோய்ப் பரணிலிருந்து ஒரு பழைய இரும்புச் சட்டியை இறக்கினார்கள், ஒற்றை அடுப்பைப் புறவாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். "இதுல வை. உள்ள கொண்டுட்டு வராத." அவ்வளவுதான். அது சம்மதமா, தள்ளிவைத்ததா. தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அடுப்பைத் தூக்கியது அவர்கள்தானே, என்னைத் தூக்கச் சொல்லவில்லையே. நேற்று ராத்திரி முழுக்க இந்தப் பக்கம் புரண்டால் சம்மதம், அந்தப் பக்கம் புரண்டால் தள்ளிவைத்தது.

சட்டி காய்ந்துவிட்டது. பிய்த்ததை எல்லாம் போட்டேன், சொய் என்று ஒரு சத்தம், நல்ல சத்தம், கறிச் சத்தம். அந்தச் சந்தோஷத்தில் கை தன்னால் போய் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி மூடியைப் போட்டுவிட்டது. கறி என்றால் தண்ணீர் ஊற்றி மூடி வேகவைக்க வேண்டும், அதுதான் கைக்குத் தெரியும். கொஞ்சம் கழித்துத் திறந்தால் சட்டி நிறையத் தண்ணீர். நான் ஊற்றியது ஒரு டம்ளர், இது தன் பங்குக்கு எவ்வளவு விட்டிருக்கிறது. கறுத்த தண்ணீரில் எல்லாம் மிதக்கிறது. மலை மாதிரி இருந்தது, கிண்ணத்தளவு ஆகிவிட்டது. இது எப்படிப்பட்டது, வெளியே பார்த்தால் பஞ்சு மாதிரி உலர்ந்து கிடக்கிறது, சூடு பட்டால் உள்ளே இருக்கிற அத்தனையையும் கொட்டிவிடுகிறது, என்னை மாதிரிதான். போலீஸ் ஸ்டேஷனிலும் நான் இப்படித்தான் நின்றேன். வீட்டுக்குத் தெரியாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனோம், ஜவுளிக்கடையில் ஒன்றாக வேலை பார்த்த பழக்கம், கடையில் இவர் பில் போடுகிற இடத்தில், நான் சுடிதார் பக்கம். எஸ்.ஐ. அம்மா கேட்டார்கள், யாரோடம்மா போறே, வாயைத் திறந்து சொல்லு. வாய் திறக்கவில்லை. விரலை மட்டும் இவர் பக்கம் காட்டினேன். அப்பா அந்த விரலைப் பார்த்தார். கத்துவார், அடிக்க வருவார் என்று எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள், அவர் ஒன்றும் செய்யவில்லை, கையில் ஒரு பார்சல் வைத்திருந்தார், அதை பெஞ்சில் வைத்தார். "காலையில இருந்து சாப்ட்டாளோ என்னமோ, குடுங்க" என்று போலீஸ்காரரிடம் சொன்னார், என்னிடம் இல்லை. இவர் அம்மாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள், இந்த அத்தை, பூட்டின பீரோ மாதிரி. அப்பா அவர்களைப் பார்த்தார், வாங்க என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்திருப்பாரோ, வரவில்லை. அப்போதுதான் சொன்னார், அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன் என்று. போய்விட்டார். பார்சலைப் பிரித்தால் புரோட்டாவும் மட்டன் சுக்காவும். வழக்கமாக அவர் லாரியை நிறுத்துகிற கடையில் வாங்கினது, வாசத்திலேயே தெரியும் எனக்கு. அத்தனை பேர் பார்க்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றேன், கண்ணீர் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, வாய் பாட்டுக்கு மென்றது. நான் கடைசியாகத் தின்ற கறி அதுதான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஆசையும் இல்லை. அதனால்தான் குழம்பு வைக்கவில்லை, சுக்கா. அவர் கொடுத்ததை அவருக்குத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. தண்ணீரில் மிதக்கிற சுக்கா. தீயைக் கூட்டி வைத்தேன். வற்றட்டும். வற்றிவிடு, தாயே, நேரமாகிறது.

வற்றியது. வற்றினதும் அதற்கு ஒரு குணம் வந்துவிட்டது, ஒன்றோடொன்று ஒட்டாமல், லேசாகச் சிவந்து, கரண்டியால் அழுத்தினால் திருப்பி அழுத்துகிறது. சட்டி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நல்லெண்ணெய் ஊற்றினேன், பட்டை, கிராம்பு, கல்பாசி, சோம்பு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம், அம்மியில் தட்டின இஞ்சி பூண்டு, வறுத்துப் பொடித்த மிளகும் மல்லியும் வரமிளகாயும், பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய். கிளறக் கிளற வாசம் எழும்பி வருகிறது, அடேயப்பா, கண்ணை மூடினால் ஆட்டுக்கறிதான். சந்தோஷப்பட்டேன், உடனே பயந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த மாமி முகர்ந்துவிட்டு, என்ன உலகம்மை அக்கா, மருமக வந்ததும் வீட்டு வாடையே மாறிப்போச்சே என்று கேட்டால். கேட்பார்கள், சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள், அது இன்னும் மோசம். மூடியைப் போட்டால் மறுபடி தண்ணீர் விடும், திறந்தால் வாசம் தெருவுக்குப் போகும். பாதி மூடினேன். உள்ளே அத்தை தேங்காய் திருவுகிறார்கள், கர்க் கர்க் என்று, காலையிலிருந்து இது இரண்டாவது மூடியோ மூன்றாவதோ. இவ்வளவு வேகமாகத் திருவ மாட்டார்களே, கோபமா. இந்த வாசம் பிடிக்காமல் அதன்மேல் காட்டுகிறார்களா. போய்க் கேட்கலாம், அத்தே நான் திருவுகிறேன் என்று. ஆனால் காளான் பட்ட கையோடு அடுப்படிக்குள் எப்படிப் போக. இங்கேயே நிற்கிறேன். தன்ஷி வந்து சேலையைப் பிடித்து இழுத்தாள், "எம்மா, ஒன்னு." ஊதி ஊதி ஒரு துண்டை வாயில் வைத்தேன். மென்றாள். கண்ணை உருட்டினாள். "இன்னொன்னு." போ, தாத்தாவுக்கு, என்றேன். "தாத்தா லாரிலயா வரும்?" உன் அப்பா பைக்கில் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றேன். சொன்ன பிறகுதான் அது மனசில் படமாக ஓடியது. இவர் கூட்டிவரப் போயிருக்கிறார். இத்தனை வருசம் பேசாத ஆள் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பார். மேடு பள்ளத்தில் அப்பா எதைப் பிடித்துக்கொள்வார். இவர் தோளையா. கம்பியைத்தான் பிடிப்பார், கம்பி சுடும், வெயில். பிடித்துக்கொள்ளுங்கப்பா, எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், தோளையே பிடித்தால்தான் என்ன.

பைக் சத்தம். அடுப்பை அணைத்தேன், அணைத்தேனா, அணைத்துவிட்டேன். கையைத் துடைத்தேன். வாசலுக்குப் போக வேண்டும், கால் வரவில்லை, சட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அது பாட்டுக்குப் பளபளவென்று கறுத்துச் சுருண்டு அழகாக இருக்கிறது. வாசலில் தன்ஷி கேட்கிறாள், "நீதான் லாரித் தாத்தாவா?" அப்பாவின் குரல், "ஆமாந்தாயி, நாந்தான்." அந்தத் தாயி என்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கால் வந்துவிட்டது. நடையைத் தாண்டி ஹாலுக்கு வந்தேன். அப்பா வாசல்படிக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால், இடுப்பில் தன்ஷி. மீசை நரைத்துவிட்டது, அம்மா அதைச் சொல்லவே இல்லை. என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார், ஒரு தரம், மறுபடி ஒரு தரம். முகம் மாறிவிட்டது. "ஏய் செல்வி, என்ன ஆக்கி வச்சிருக்க?" இத்தனை வருசத்துக்கு அப்புறம் என்னிடம் பேசின முதல் பேச்சு. வாயைத் திறந்தேன். காளான் என்கிற சின்ன வார்த்தை, அது வருவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "கூறு இருக்கா ஒனக்கு? சைவ வீட்டுல வந்து கறி ஆக்கி வச்சிருக்கியே, இந்தம்மா மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிறது? இந்த வீட்டு வாசப்படி மிதிக்கணுமேன்னு வெள்ளிக்கெழமைல இருந்து நானே வாயில வைக்கல. கடையில சால்னா ஊத்த வந்தவன்கிட்ட வேணாம்ப்பா, சட்னி ஊத்துன்னு சொல்லித் தின்னுட்டு வாரேன். நீ என்னடான்னா வீட்டையே நாறடிச்சு வச்சிருக்க!" இவர் நடுவில் வந்து, மாமா, அது வந்து, என்று ஆரம்பித்தார், அப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தா. அப்பாவா. காய்ச்சலில் படுத்தாலும் கறிச்சாறு கேட்கிற அப்பா, எங்கோ ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து சட்னி தொட்டு இட்லி தின்றுகொண்டு. எனக்காக இல்லை, இந்த வீட்டுக்காக. தேங்காய்ச் சத்தம் நின்றிருந்தது. அடுப்படியிலிருந்து அத்தை வந்தார்கள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. "ஏசாதீங்க அண்ணாச்சி. அது கறி இல்லை, காளான். நாந்தான் வைக்கச் சொன்னேன்." பொய். சொல்லவே இல்லை. "காளானா?" என்றார் அப்பா. "காளான்தான் தாத்தா," தன்ஷி இடுப்பில் இருந்தபடியே சொன்னாள், "நான் தின்னேன். கறி மாரியே இருக்கு." அத்தை திரும்பினார்கள். "கறி எப்பிடி இருக்கும்னு உனக்கு எப்பிடிட்டி தெரியும்?" தன்ஷி என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன், அம்மா வீட்டுக்கு அப்பா இல்லாத நாளாகப் பார்த்துப் போனபோது அம்மா ஊட்டிவிட்டிருப்பாள். அப்பா இருமினார். இருமல் இல்லை அது, சிரிப்பை மறைக்கிறார், எனக்குத் தெரியும். அத்தையின் உதடும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் அசைந்தது.

"உள்ள வாங்க," அத்தை சொன்னார்கள். "சொதி வச்சிருக்கேன். எங்க பக்கம் கல்யாணம் ஆச்சுன்னா மறுநா பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மறுவீட்டுச் சாப்பாடு, அதுக்குச் சொதிதான். இஞ்சிப் பச்சடியும் இருக்கு. ரொம்பப் பிந்திப் போச்சு, எம் பேருலதான் தப்பு, அன்னைக்கே வாங்கன்னு சொல்லியிருக்கணும், எனக்கு வாய் வரலை." எனக்குத்தான் வாய் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து திருவின தேங்காய் எல்லாம் சொதிக்கு, தலைப்பால், இரண்டாம் பால் என்று பிழிந்து பிழிந்து, நான் கோபம் என்று நினைத்தேன், நான் ஒரு மடச்சி. வாசல்படிக்கு வெளியே இருந்த அப்பாவின் கால் இன்னும் வெளியேதான் இருக்கிறது. நான் அந்தக் காலையே பார்க்கிறேன், பழைய ரப்பர் செருப்பு, பெருவிரல் வார் அறுந்து பின் குத்தியிருக்கிறது. மாட்டேன் என்று சொல்வார். சொன்ன சொல்லை எப்படி விடுவார், அம்மா சொன்னாளே. தண்ணீர் கொண்டு வரட்டுமா. தண்ணீராவது. தன்ஷியைக் கீழே இறக்கிவிட்டார், போகப் போகிறார் போல, அதற்குத்தான் இறக்குகிறார். குனிந்தார். செருப்பைக் கழற்றினார், ஒன்று, அப்புறம் இன்னொன்று. "எங்கிட்டுத் தாயி கை கழுவணும்?" என்று தன்ஷியைக் கேட்டார். அவள் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

இலை போட்டு அத்தைதான் பரிமாறினார்கள். இவர் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை வைக்கிறவரைக்கும் கை வைக்காமல் இருந்தார். சொதியை ஊற்றிவிட்டு அத்தை புறவாசலுக்குப் போனார்கள். நான் எதற்கென்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரும்புச் சட்டியை முந்தானையால் பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார்கள், அடுப்படியைத் தாண்டி, சாமி மாடத்தைத் தாண்டி, முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அப்பாவின் இலையில் கரண்டி நிறைய வைத்தார்கள். அப்பா முதலில் சொதிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அத்தையைப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குங்க தங்கச்சி. இந்த மாதிரி நான் சாப்ட்டதே இல்ல. அருமையா இருக்கு" என்றார், ஜாக்கிரதையாக, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி. அத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். வேணாங்க, போதுங்க, வயிறு நெறஞ்சு போச்சு என்றார். விருந்தாளி. என்ன இருந்தாலும் விருந்தாளி மாதிரிதான் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார், அது போதும், அதுவே பெரிசு. அப்புறம் காளானை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். நான் தூணோடு தூணாக நிற்கிறேன். இன்னொரு துண்டு எடுத்தார். தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்து, "ஏ செல்வி, உப்பு போட்டியா இல்லையா? மண்ணு மாதிரி இருக்கு. எத்தனை தடவை சொல்லிருக்கேன், எறக்கும்போது ஒரு தடவை வாயில வச்சுப் பாருன்னு" என்றார். அத்தை, நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி, என்று ஏதோ சொல்ல வந்தார்கள், இவர் முகம் சுண்டிவிட்டது, பாவம், இது அப்பா எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு என்று அவர்களுக்கு என்ன தெரியும். உப்பு எடுத்துவர அடுப்படிக்கு வந்தேன். உப்பு ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, எது உப்பு எது ஜாடி என்று தெரியாத அளவுக்குச் சிரிப்பு வருகிறது, சத்தம் வராமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறேன், "என்னத்தா, உப்பு வாங்கக் கடைக்கா போயிட்ட?" என்று அப்பா ஹாலில் சத்தம் போடுகிறார், அடுத்த வீடு வரைக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும், வர்றேம்ப்பா என்று நானும் சத்தமாகவே சொல்கிறேன்.